இடப்பக்கத்துப் பூ

வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து எழும்பிய கனகரத்தினத்திடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொல். ஓம். தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றால் அதற்கும் ஓம். யன்னல் திரையை இழுத்துவிடட்டோ என்றால் ஓம், இப்படியே இருக்கட்டோ என்றாலும் ஓம். வருத்தம் பார்க்க வந்த சனம் முதலில் இதைக் கவனிக்கவில்லை. அண்ணை நல்லாய்த் தேறிவிட்டார், கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்கிறார் என்று ஒஸ்லோவின் புருசெத் பகுதி முழுக்கக் கதை பரவிவிட்டது. அந்த மனிதனிடமிருந்து 'இல்லை' என்ற சொல் தொலைந்துபோய்விட்டதென்று அவருடைய மனிசி சரோஜாதேவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

முந்தி அவர் எதற்கும் லேசில் ஓம் போடுகிற ஆளே இல்லை. நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியூர் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்திலேயே மேற்பார்வைக்காரனோடு கொளுவிக்கொண்டு திரிந்தவர். ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகும் குணம் மாறவில்லை. எந்தக் கூட்டமென்றாலும் எழும்பி நின்று, "அதிலை ஒரு பிழை இருக்கு" என்றுதான் தொடங்குவார். தமிழ்ப் பள்ளிக்கூடக்காரர் அவருக்கு வேலையுள்ள நாளாகப் பார்த்துத்தான் பெற்றோர் கூட்டத்தை வைப்பார்கள் என்று ஒரு பகிடி உண்டு. அதில் உண்மையும் இருந்தது.

அவருடைய ஒரே மகள் தக்சிலா. அவளுக்குக் கணக்கென்றால் உயிர். குளிக்கப்போனால் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எதையோ எழுதிவிட்டு வருவாள். பின்னால் போகிற தாய், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் துடைத்துவிடுவாள். இதெல்லாம் குழந்தைப்பிள்ளை விளையாட்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்று சரோஜா நினைத்திருந்தாள். சரியாகவில்லை. வீடியோவில் தமிழ்ப் படம் ஓடுகிறபோதும் பெட்டை ஒரு மூலையில் இருந்து கணக்குச் செய்து தானாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒஸ்லோத் தமிழருக்கு உலகத்தில் இரண்டு படிப்புத்தான் இருந்தது. ஒன்று மெடிசின். மற்றது மெடிசின் கிடைக்காதவர்கள் படிப்பது. ஆகவே தக்சிலாவும் எல்லாரையும்போல ஒஸ்லோவில் மெடிசினுக்கு விண்ணப்பித்தாள். ஆறு வருசம் போனால் நேரே டொக்டர். ஆனால் அதற்கு முன்னமே, பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியை சொன்னாளென்று, இங்கிலாந்துக்கும் ஒரு விண்ணப்பம் போயிருந்தது. மார்கழிக் குளிரில் தனியாகப் பிளேன் ஏறி நேர்முகத்துக்குப் போய் வந்தாள். தை பிறக்க ஒக்ஸ்போர்டிலிருந்து பதில் வந்தது. கணிதம் படிக்க இடம் உண்டு, கோடையில் பள்ளிப் பெறுபேறு சரியாக இருந்தால் போதும். செலவுக்கு நோர்வே அரசாங்கமே கடன் கொடுக்கும். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

அன்றைக்குக் கனகரத்தினம் வேலையால் வந்து, பஸ்காரரின் நீல ஜக்கெற்றைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் நின்றார். சரோஜா மீன்தலைக் குழம்புக்குப் புளி விட்டுக்கொண்டிருந்தாள். ஒக்ஸ்போர்ட் நல்லதுதான், ஆனால் கணக்குப் படித்து என்ன செய்கிறது, டொக்டரென்றால் ஒரு மரியாதை என்று அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். தக்சிலா தன் பக்கத்தைச் சொன்னாள். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சட்டியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"ரெண்டும் வரட்டும்," என்றார். "ஜூலையிலை நான் சொல்லுறன்."

அவர் ஒன்று சொல்கிறேன் என்றால் சொல்வார். அதனால் வீட்டில் அந்தக் கதை அத்தோடு நின்றது. மாசியில் ஒருநாள் காலமை, கார்க் கண்ணாடியில் இறுகியிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றவர் அப்படியே காருக்குப் பக்கத்தில் சரிந்துவிட்டார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலக்கை போய்விட்டது, வலக்கால் இழுத்தது, பேச்சுப் போய்விட்டது. சித்திரை கழிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது அவர் வாயில் அந்த ஒரு ஓம் மட்டும் இருந்தது.

ஆசுப்பத்திரியில் இருந்த நாட்களில் இன்னொன்றும் தெரியவந்தது. எதைக் கொடுத்தாலும் மனிதர் பாதியை மிச்சம் விட்டார். பசியில்லை என்று நினைத்து சரோஜா அழுதாள். ஒருநாள் பயிற்சி கொடுக்க வந்த நோர்வேப் பெண், ஒரு கதையும் பேசாமல், தட்டையான சாப்பாட்டுக் கோப்பையைப் பிடித்து மற்றப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மிச்சமிருந்த பாதி அவருடைய இடப்பக்கம் வந்தது. அப்போதுதான் கண்டவர்போல இடக்கையில் கரண்டியைப் பிடித்து அதையும் சாப்பிட்டு முடித்தார். வலப்பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் அவருடைய உலகத்தில் இல்லை என்று அந்தப் பெண் விளங்கப்படுத்தினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாதிச் சாப்பாட்டில் கோப்பையைத் திருப்புவது தண்ணி வைப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது. சரோஜா வேலைக்குப் போகிற பின்னேரங்களில் தக்சிலா திருப்புவாள்.

ஜூலை வந்தது. அந்த வருசம் கோடையென்று பேர்தான், விடாமல் மழை. தக்சிலாவின் பெறுபேறு ஒக்ஸ்போர்ட் கேட்டதற்கு மேலேயே இருந்தது. மாதக் கடைசிக்குக் கிட்ட ஒஸ்லோவில் மெடிசினும் கிடைத்தது. இரண்டும் வந்துவிட்டன. ஒரு கிழமைக்குள் பதில் சொல்லவேணும். சொல்கிறேன் என்றவர் யன்னலோரக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெடிசின் கிடைத்த செய்தி எப்படி வெளியே போனதென்று தெரியாது. டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. மீன் தொழிற்சாலைக் காலத்துக் கூட்டாளி பிலேந்திரன் ஒரு பெட்டி கேக்கோடு வந்து, கனகரத்தினத்தின் இடக்கையைப் பிடித்துக் குலுக்கி, டொக்டரின்ரை தேப்பன் இனி எங்களோடை கதைக்கமாட்டார் என்று பகிடிவிட்டான். ஓம் என்றார் கனகரத்தினம். பிலேந்திரன் சிரித்துக்கொண்டே எழும்பிப்போய், நடையில் நின்று கண்ணைத் துடைத்தான்.

அன்று சரோஜாவுக்கு லீவு, இரவுச் சாப்பாட்டில் கதை முற்றியது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அவர் ஒக்ஸ்போர்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் என்றாள் தக்சிலா. எப்ப கேட்டனி என்றாள் தாய். மத்தியானம், நீங்கள் கடைக்குப் போன நேரம்.

"நானும் காலமை கேட்டனான்," என்றாள் சரோஜா. "பிள்ளை இஞ்சை நிண்டு மெடிசின் படிக்கட்டும் என்னப்பா எண்டு கேட்டன். ஓம் எண்டவர்."

"அம்மா, அவர் எல்லாத்துக்கும் ஓம்தான் சொல்லுறவர்."

"அப்ப உனக்குச் சொன்ன ஓம் மட்டும் உண்மையோ?"

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தன்னைப் பற்றித்தான் கதை என்று விளங்கியதோ என்னவோ, அவருடைய கண் மாறி மாறி இரண்டு முகத்திலும் போய்வந்தது. உதடு ஒருபக்கம் கோணியது. எதையோ சொல்லப் பெரிதாக எத்தனித்தார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில் வந்தது ஓம்தான். சொன்ன பிறகு அவருக்கே அது பிழையென்று தெரிந்தது. கரண்டியை மேசையில் போட்டுவிட்டு அழுதார். மகள் எழும்பிப்போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரோஜாவுக்கு வேலை குரோருட்டில், முதியோர் இல்லமொன்றில். பின்னேர வேலை. கிழடுகளுக்கு இரவுச் சாப்பாடு கொடுத்து, பல்லைக் கழற்றிக் கழுவி, படுக்கவைத்துவிட்டு வரவேணும். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் நல்லாய்ப் படித்தவர்கள். அதனால்தான் ஒருவரும் கிட்ட இல்லை. ஒருத்தியின் மகன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் பெரிய எஞ்சினியர், நத்தார்ப் பண்டிகைக்கு வருவான். இன்னொருத்தியின் மகள் கனடாவில், பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவாள். அந்தப் பூவைச் சாடியில் வைப்பது சரோஜாதான். வைத்துக்கொண்டே, நாலாம் மாடியில் தன் வீட்டு நடையை நினைப்பாள். ஆறு மாதம் நேரத்தோடு இருட்டுகிற ஊர். ஓம் என்ற ஒரு சொல்லோடு ஒரு மனிதர். இரவில் அவருக்கு ஏதும் நடந்தால், டெலிபோனை எடுத்து நோர்வேஜிய மொழியில் பதறாமல் சொல்ல அவள் ஒருத்திதான்.

இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. டொக்டரென்றால் மரியாதை என்றுதான் வாய் சொல்லும். போகாதை பிள்ளை, எனக்குத் தனிய இருக்கப் பயமாயிருக்கு என்பது தொண்டைவரைக்கும் வந்து, கோப்பை கழுவுகிற தண்ணிச் சத்தத்தோடு திரும்பவும் உள்ளே போய்விடும்.

கூட வேலைசெய்கிற உதயகுமாரி மட்டக்களப்புக்காரி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள். சரோஜா முகம் கறுத்துத் திரிவதைக் கண்டு விசாரித்தாள்.

"பூக் கட்டிக் கேளுங்களன் அக்கா," என்றாள். "சாமிக்கு முன்னால வெச்சு எடுத்தா மறுகா ஒருத்தரையும் குறை சொல்லேலாதுதானே."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எந்தப் பூ எதற்கென்று முதலில் நினைத்துக்கொள்ளவேணும். சின்னப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பிக்கவேணும். கட்டினவர் கையால் தட்டத்தில் வைக்கக்கூடாது, வேறு ஆள்தான் வைக்கவேணும். எல்லாம் சரோஜாவுக்கும் தெரிந்ததுதான். சின்னப் பிள்ளைக்கு எங்கே போகிறது என்று கேட்டாள். வீட்டிலேயே ஒரு பிள்ளை இருக்குதே அக்கா என்றாள் உதயகுமாரி. அவள் கனகரத்தினத்தைத்தான் சொல்கிறாள் என்று சரோஜாவுக்கு விளங்கியது. சொல்கிறேன் என்ற மனிதரே எடுத்தால் அது அவர் சொன்ன மாதிரித்தானே.

தக்சிலா கேட்டதும் சிரிப்பாள், மூடநம்பிக்கை என்பாள் என்றுதான் தாய் நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா எடுக்கிறதெண்டா சரி," என்றாள். "நான் அதுக்குக் கட்டுப்படுறன்."

லீவு நாளான வெள்ளிக்கிழமை காலமை சரோஜா முழுகி, பல்கனிச் சாடியில் சிவப்பு ஜெரேனியம் கொஞ்சம் கிள்ளினாள். கீழே போய், புளொக்கின் வேலியோரத்தில் மழையில் தலைகுனிந்து நின்ற வெள்ளை ரோசாவில் ஒன்றை முறித்து வந்தாள். வெற்றிலை கிடைக்கவில்லை. குசினியில் இருந்த வெள்ளித்தாளைக் கிழித்து இரண்டையும் ஒரேமாதிரிச் சுற்றினாள், எது எதென்று சுற்றின கைக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளை ஒக்ஸ்போர்டுக்கு, சிவப்பு மெடிசினுக்கு என்று மகளுக்கும் சொன்னாள். சுற்றும்வரைக்கும் அவள் மனதில் கள்ளம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அலுமாரித் தட்டிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, திருநீற்றை எடுத்துக் கனகரத்தினத்தின் நெற்றியில் பூசினாள். சாமிப் பூவை இடக்கையாலோ எடுக்கிறது என்று ஒரு யோசனை வந்தது. இருக்கிற கையால்தானே எடுக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்தினாள்.

"நான் வைக்கட்டோ அம்மா?" என்று கேட்டாள் தக்சிலா. கட்டினவர் வைக்கக்கூடாதென்பது அவளுக்கும் தெரியும்.

"இல்லை, நானே வைக்கிறன்."

தட்டத்தை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். ஒன்றை அவருக்குக் கிட்ட, மற்றதை அதற்குப் பின்னால் வைத்திருக்கலாம். இரண்டும் அவர் கண்ணில் பட்டிருக்கும். முதியோர் இல்லத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு அவள் பாண் துண்டையும் கோப்பியையும் அப்படித்தான் வைப்பாள், கை பழகின வேலை. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கை சிவப்பை அவருடைய இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தது. வெள்ளையை வலப்பக்கம் வைத்தது. வைத்துவிட்டு அவள் நிமிரவேயில்லை.

தக்சிலாவின் கை தட்டத்தின் விளிம்புக்கு வந்தது. தட்டத்தின் கீழே விரித்த துணி சுருங்கியிருந்தது, அதைச் சரிசெய்யப் போகிறாள் என்று சரோஜா நினைத்தாள். விரல் விளிம்பில் கொஞ்சம் நின்றது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்டை எடுங்கோ," என்றாள்.

ஓம் என்று சொல்லி, கனகரத்தினம் இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். முகத்தில் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்த சந்தோசம். அவள் வெள்ளித்தாளை விரித்தாள், சிவப்பு. குனிந்து தகப்பனின் நெற்றியில் கொஞ்சினாள். பிறகு அறைக்குள் போய்க் கணினியைத் திறந்து மெடிசினுக்குச் சம்மதம் அனுப்பினாள். ஒக்ஸ்போர்டுக்கு, வரமுடியாமல் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். அதற்குக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது.

சரோஜா சேமியாப் பாயாசம் காய்ச்சினாள். கசுக்கொட்டை வறுத்துப் போட்டாள். டெலிபோனில் பேசினாள். கேட்டவர்களுக்கெல்லாம், தேப்பன்ரை விருப்பம்தானே என்றாள். பிலேந்திரன் மறுமுனையில் ஓவென்று சந்தோசப்பட்டான். சுவாமித்தட்டில் மற்றப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

இரவுக்குப் பருப்பு, முட்டைக்கோவா வறை, கத்தரிக்காய்க் குழம்பு. மழை விட்டு, வெளியே இன்னும் பகல்போல வெளிச்சம். மூன்று பேரும் சாப்பிட இருந்தார்கள். கனகரத்தினம் இடப்பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கரண்டியை வைத்தார். அவருடைய கோப்பை முடிந்துவிட்டது. சரோஜா எழும்புவதற்கு முன்னம் தக்சிலா எட்டி, கோப்பையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே தாயை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வை இல்லை அது. கோபமாக இருந்திருந்தால் சரோஜா தாங்கியிருப்பாள்.

"நீ கண்டனியோ?" என்றாள் சரோஜா.

"ஓம்."

அன்றைக்கு அந்த வீட்டில் சொன்ன ஓமுகளில் அது ஒன்றுதான் ஓம். சரோஜா வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தாள்.

"தட்டத்தைத் திருப்பியிருக்கலாமே பிள்ளை."

"திருப்பத்தான் கை வைச்சனான். பிறகு உங்கடை முகத்தைப் பாத்தன்." தக்சிலா தகப்பனின் மேலுதட்டில் ஒட்டியிருந்த பருப்பைத் துடைத்துவிட்டாள். "தனிய இருக்கப் பயமாயிருக்கு, நில்லு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன் அம்மா. சாமியையும் அப்பாவையும் ஏன் இதுக்குள்ளை இழுத்தனீங்கள்?"

"கேட்டா நிண்டிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் சரோஜா. "அதாலைதான் கேக்கேல்லை. நாளைக்கு நீ கஷ்டப்படேக்கை, அம்மா கேட்டவ எண்டுதானே நிண்டன் எண்டு நினைப்பாய். எனக்கு அது ஏலாது."

"இப்ப அப்பா எடுத்தவர் எண்டு நினைக்கட்டோ?"

திரும்ப எழுது, இன்னும் நேரம் இருக்கு, வெள்ளைப் பொட்டலம் அப்படியேதான் கிடக்கு என்றெல்லாம் சரோஜா சொன்னாள். நான் இருந்துகொள்ளுவன், ஹோம்கேர் ஆட்கள் வருவினம், உதயகுமாரி இருக்கிறாள் என்றாள். தக்சிலா இல்லையென்று தலையை ஆட்டினாள். எழுதியாயிற்று, அந்த இடத்துக்கு வேறு ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கும் என்றாள். இனிப் போனாலும் அங்கே இருந்து ஒவ்வொரு நாள் இரவும் இந்தக் கோப்பையை ஆர் திருப்புவினம் என்று யோசித்துக்கொண்டு கணக்குச் செய்யேலாது என்றாள். தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கனநேரம் தண்ணிச் சத்தம் கேட்டது.

அவள் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திய பிறகு சரோஜா குளியலறைக்குள் போனாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கையில் இருந்த துணியை மடித்துத் திரும்ப வைத்தாள்.

திரும்பி வந்தபோது கனகரத்தினம், மகள் திருப்பிவிட்ட பாதியையும் சாப்பிட்டு முடித்திருந்தார். அவள் கதிரையை இழுத்து அவருடைய இடப்பக்கத்தில் போட்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தாள். அவருடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நான் செய்தது பிழைதானே?"

"ஓம்," என்றார் கனகரத்தினம்.

சரிதானே என்று கேட்டிருந்தாலும் அவர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். சரோஜா அதைக் கேட்கவில்லை.